சிறு பட்டறைக்கேற்ற மரை வெட்டு முனை



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் கடைசல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். தொழிற்பயிற்சி முடித்து, கடன் பெற்று, பழைய லேத் ஒன்றை வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதுவும் கல்வியே. அவர்களது பணம் வீணாகும் வழிகளுள் ஒன்று மரை வெட்டும் இன்சர்ட். பெரிய ஆலைகளுக்கென எழுதப்பட்ட விலைப்பட்டியலைப் பார்த்துத் தம் சிறிய இயந்திரத்துக்கு வாங்கிவிடுகின்றனர்.

முதலில் கோணத்தைப் பாருங்கள். மெட்ரிக் மரைக்கு 60 பாகை. பிரிட்டிஷ் குழாய் மரைக்கு 55 பாகை. நம் ஊர்களில் உள்ள இந்தியா மார்க் 2 கைப்பம்பையே எடுத்துக்கொள்வோம். அதனுள் இறங்கும் 32 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாயில் அங்குலத்துக்கு 11 புரிகள், 55 பாகை. அதே பம்பின் 12 மில்லிமீட்டர் கம்பியிலோ 60 பாகை மெட்ரிக் மரை. 60 பாகை முனையால் குழாயில் மரை வெட்டினாலும் கப்ளிங் ஏறிவிடலாம். ஆனால் புரியின் பக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தி அமரா. நீர் கசியும், பாரம் தாங்கும் பரப்பும் குறையும். கோடையில் அக்குழாய் கழன்று ஆழ்துளைக்குள் விழுந்தால், நம் பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவின் பம்படியில் காத்து நிற்க வேண்டும். பட்டறைக்காரனுக்கு வேலை தெரியாது என்ற பேச்சும் அன்றே பரவிவிடும்.

இனி, பெட்டியின் மீதுள்ள குறியீடு. 16 ஈஆர் ஏஜி60 என்பதில், 16 என்பது விளிம்பின் நீளம், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். ஈஆர் வலக்கை வெளிமரை. ஐஆர் என்றால் உள்மரை. ஏஜி என்பது பிட்ச் 0.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை பொதுவானது. ஏ மட்டும் இருந்தால் 0.5 முதல் 1.5 வரை, ஜி 1.75 முதல் 3 வரை. முழு வடிவ இன்சர்ட் ஒரே பிட்சுக்குத்தான் ஆகும். ஒரே உருப்படியை ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலைக்கு அது தகும். இன்று ஒரு போல்ட், நாளை ஓர் அச்சு என வேலை வரும் நமக்குப் பகுதி வடிவமே போதும். ஆயினும், ஏஜி ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று கடைக்காரர் கூறுவதை நான் ஏற்பதில்லை. அரை மில்லிமீட்டர் பிட்சுக்கும் பொருந்துமாறு அதன் நுனி மிகக் கூராக இருக்கும், 2.5 பிட்சில் ஆழமாக வெட்டும்போது எளிதில் நொறுங்கும். பெரிய மரைகளே மிகுதியாக வந்தால் ஜி வாங்குங்கள்.

வேகத்தில்தான் பெரும் ஏமாற்றம். கார்பைடு வேகத்தை விரும்புவது. 20 மில்லிமீட்டர் தண்டில் நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் பெற, ஏறத்தாழ 1,600 சுற்று வேண்டும். 2.5 பிட்சில் அப்போது டூல் வினாடிக்கு 65 மில்லிமீட்டருக்கு மேல் ஓடும். கையால் நெம்புகோலைப் பிடித்து அதை யார் நிறுத்துவது? 100 சுற்றில் என்றால் நான்கு மில்லிமீட்டர்தான்; அது நம் கைக்கு அடங்கும். ஆகவே, மெதுவான வேகத்திலும் வெட்டக்கூடிய, கூராகத் தீட்டப்பட்ட விளிம்பும் உறுதியான தரமும் கொண்ட இன்சர்ட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

பழைய லேத்துகள் பலவற்றில் லீட் ஸ்குரூ அங்குல அளவில் உள்ளது. அதில் மெட்ரிக் மரை வெட்டுவோர் ஹாஃப் நட்டைத் திறவாமல், மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றி டூலைத் திருப்புவர். நுனி உலோகத்தில் பதிந்திருக்கையில் சுழற்சி நின்றாலோ திரும்பினாலோ கார்பைடு தெறித்துவிடும். மரை முடியுமிடத்தில் முன்னதாகவே ஒரு பள்ளம் கடைந்து, டூலை வெளியே இழுத்த பின்னரே திருப்புங்கள். பள்ளத்துக்கு இடமில்லாத உருப்படிக்கு, சென்டர் கேஜில் ஒத்துப்பார்த்துக் கையால் தீட்டிய ஹைஸ்பீடு ஸ்டீல் டூலே மேல். அதைப் பழமை என்று நகைப்போர் நகைக்கட்டும்.

குழாய்த் துண்டு ஒன்றும் கம்பி ஒன்றும் இரண்டு சென்டர் கேஜ்களும் கொண்டு வந்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் மேடையருகே வந்து, இரு கோணங்களையும் தாமே ஒத்துப் பார்க்கலாம்.