உறவும் முதல்தான்



ஊரில் தொழில் தொடங்க நினைக்கும் சொந்தக்காரருக்கு எப்படி உதவுவது என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நான் கொல்லிமலையைக் காட்டுகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. அந்த மலையில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சிறுதானியத்தைத் தொழிலாக்கியிருக்கிறார்கள்.

சாமையை விளைவிப்பதைவிட அரிசியாக்குவதுதான் பெரும்பாடு. மணி பொடிசு, உமி கெட்டி. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கே தோள் கழன்றுவிடும். ரேஷன் அரிசி கிடைத்தது. சமவெளி ஜவ்வரிசி ஆலைகளால் மரவள்ளிக்குக் காசு வந்தது. சாமைக் காடு சுருங்கியது. இதில் யாரைக் குறை சொல்ல?

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியது. உமி நீக்கும் இயந்திரங்கள் ஊருக்குள் வந்தன. அவற்றை ஏற்று நடத்தியவை சுயஉதவிக் குழுக்கள். 2009-இல் குழுக்கள் கூட்டமைப்பாக இணைந்தன. சாமை அரிசி, தினை ரவை, ராகி மால்ட் எல்லாம் பாக்கெட்டில் மலையிறங்கின.

இப்படித் தொழில் செய்யக் கடன் வேண்டும். வங்கி கேட்கும் அடமானம் ஏழைப் பெண்ணிடம் ஏது? ஆனால் அவள் காட்டில் என்ன விதைத்திருக்கிறாள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அந்த நெருங்கிய பழக்கத்தையே ஜாமீனாக ஏற்று, 1992-லேயே நபார்டு வங்கி சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. பழக்கம் மட்டும் போதாது என்பதும் குழுப் பெண்களுக்குத் தெரியும். சேமிப்பும் தவணையும் நோட்டில் ஏறுகின்றன, கூட்டத்தில் வாசிக்கப்படுகின்றன. பேராவூரணிப் பக்கத்தில் பணம் திரட்ட வைக்கும் மொய் விருந்திலும் அப்படித்தான். எவ்வளவு நெருங்கிய பங்காளியானாலும் மொய் நோட்டில் பெயர் உண்டு.

அந்த நெருக்கத்தால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. மலைக்குள் எல்லோரும் உறவு, வீட்டுக்கு வீடு அதே தானியம். யாரிடம் விற்பது? விற்க வெளியூர்ப் பழக்கம் வேண்டும். அந்த ஆராய்ச்சி நிறுவனம் செய்த பெரிய உதவிகளில் ஒன்று, நகரத்து வாடிக்கையாளரை அறிமுகம் செய்ததுதான் என்பேன்.

நீங்களும் அதைச் செய்யலாம். சித்தி மகள் மாவு அரைத்து விற்கத் தொடங்கினால், “வைத்துக்கொள்” என்று பணம் அனுப்பிவிட்டு ஒதுங்காதீர்கள். கடனா, பங்கா, அன்பளிப்பா என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். எழுதாத கணக்கால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனை! முழு விலை கொடுத்து வாங்குங்கள். மாவில் கல் இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்நியர் சொல்லமாட்டார், அடுத்த முறை வாங்கமாட்டார். தெரிந்த மளிகைக் கடைக்காரரிடம் அழைத்துப் போங்கள்.

நம் சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழா விருந்தில் சாமைப் பொங்கல் வையுங்கள். அதற்கான ஆர்டரை விதைப்புக்கு முன்பே ஏதாவது ஒரு மலைக் குழுவுக்குக் கொடுத்து, முன்பணமும் அனுப்பிவிடுங்கள்.