சட்டசபைக் கேள்வியும் கிராமவாசியும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர், கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று காலை உங்கள் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபொழுது, பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "உர மூட்டைகளுக்கு வண்டிச் சத்தம் என்று ஒரு தொகை எழுதியிருக்கிறதே, அது எத்தனை நடைக்கு?" என்று வினவினார். காரியதரிசி சற்றுத் தடுமாறி, பின்பு ரசீதுகளைத் தேடி எடுத்துக் காட்டினார். கணக்குச் சரியாகவே இருந்தது. ஆயினும் அக்கேள்வி வீண்போயிற்று என்று எவரும் எண்ணவேண்டாம். அடுத்த ஆண்டு ரசீதுகள் முன்னதாகவே வரிசையாகக் கட்டப்பட்டு மேஜைமேல் இருக்கும் என்பது நிச்சயம். கேட்பார் உண்டு என்று அறிந்த இடத்தில் கணக்குத் தானே ஒழுங்குபடும்.

இச்சிறு சபையில் அப்பெரியவர் செய்த காரியத்தையே, சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நம்முடைய பிரதிநிதிகள் மந்திரிகளிடத்தில் செய்கிறார்கள். அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி உங்கள் தலைவர் பணித்தார். நான் பெரும் படிப்புப் படித்தவனல்லன், மெட்ரிக்குலேஷனோடு நின்றவன். ஆனால், சட்டசபையில் மந்திரி வாசிக்கும் பதிலின் முதல் நகலை எழுதும் இடத்தில் இருப்பவன். அந்த அனுபவமே இன்று பேசுவதற்கு எனக்குள்ள யோக்கியதை.

கேள்வி கேட்கும் உரிமை ஒரே நாளில் வந்ததன்று. இங்கிலாந்து தேசத்தில், பதிவான முதற் கேள்வி 1721ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் எழுந்தது. தென்கடல் கம்பெனி என்னும் பெரிய வியாபார ஸ்தாபனம் முறிந்து, பல குடும்பங்கள் பொருளிழந்து தவித்த காலம் அது. அக்கம்பெனியின் காசாளர் தேசத்தைவிட்டு ஓடிவிட்டார். அவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிடிபட்டார் என்னும் செய்தி மெய்தானா என்று கௌப்பர் பிரபு சர்க்காரைக் கேட்டார். ஜனங்களின் பணம் எங்கே போயிற்று என்பதே முதற் கேள்வியின் உட்கருத்தாக இருந்தது என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

நம் தேசத்தில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபைகளில், அங்கத்தினர்கள் சட்ட நகல்களைப்பற்றிப் பேசலாமேயன்றி, நிர்வாகத்தைக் குறித்துக் கேள்வி கேட்க இடமில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையை அளித்தது. ஆனால் பதில் வந்தபின் மறு கேள்வி கேட்கலாகாது. பதில் வளைந்திருந்தாலும் மௌனமாய் உட்காரவேண்டியதே. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், கேள்வி கேட்டவர் மாத்திரம் உபகேள்வி கேட்கலாம் என்று ஏற்பட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே, சபையிலுள்ள எந்த அங்கத்தினரும் உபகேள்வி கேட்கும் உரிமை பெற்றார். அச்சட்டத்தின்கீழ் மாகாண மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்ட இலாகாக்களுள் நம் கூட்டுறவு இலாகாவும் ஒன்று. 1950ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாஸனமோ, மந்திரிசபை முழுவதும் ஜனப்பிரதிநிதிகளின் சபைக்கு ஒருங்கே பொறுப்புடையது என்று விதித்துவிட்டது. ஆதலின் இன்று மந்திரி பதில் சொல்வது தயவினால் அன்று; கடமையினால்.

கேள்விகள் எத்தன்மையானவை என்பதைச் சிறிது கூறுவேன். லோக் சபையில், நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்லவேண்டும். அதன்மேல் உபகேள்விகளும் எழலாம். ஒரு நாளைக்கு இத்தகைய கேள்விகள் 20 மாத்திரமே பட்டியலில் இடம்பெறும். குறியில்லாத கேள்விக்கு எழுத்து மூலம் பதில் வரும். அதற்கு உபகேள்வி இல்லை. சாதாரணமாகப் பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். கேள்வி 150 வார்த்தைகளுக்கு மேற்படலாகாது. அதில் வாதம், கேலி, வசைச்சொல், அவதூறு ஆகியவை இருத்தல் கூடாது. நியாயஸ்தலத்தின் விசாரணையிலுள்ள விஷயத்தையும் கேட்கலாகாது. நம் மாநிலச் சட்டசபைக்குத் தனி விதிகள் உண்டெனினும், அடிப்படை முறை இதுவே.

இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். ரயில், தபால், தந்தி முதலியவை மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. அவற்றைப்பற்றிய கேள்வி பார்லிமெண்டுக்குப் போகவேண்டும். போலீஸ், பொதுச் சுகாதாரம், விவசாயம், நம்முடையதைப் போன்ற கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. அவற்றைப்பற்றிய கேள்வி சட்டசபைக்குரியது. வாசல் தவறித் தட்டினால் கதவு திறவாது.

இனி, என் சொந்த அனுபவமொன்றைச் சொல்லுகிறேன். அது எனக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் சொல்லத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு தாலுகாவில் வேலை பார்த்தபொழுது, "சட்டசபைக் கேள்வி, மிக அவசரம்" என்று எழுதிய காகிதமொன்று மேலதிகாரியிடமிருந்து வந்தது. குறிப்பிட்ட பிர்க்காவிலுள்ள சங்கங்களின் அங்கத்தினர்களுக்குச் சம்பா நடவுக்கு முன் பயிர்க்கடன் கொடுக்கப்பட்டதா, இல்லையெனில் காரணம் யாது என்பது கேள்வி. மறுநாள் மாலைக்குள் பதில் போகவேண்டும். நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஆவணி மாதத்துத் தேதிகள் தெளிவாயிருந்தன. "உரிய காலத்தில் கடன் வழங்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்து வேலை.

அன்று மாலையே காகிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் என் மேலதிகாரி எழுதியிருந்தார்: "இது கடன் மஞ்சூரான தேதியா, பணம் அங்கத்தினர் கையில் சேர்ந்த தேதியா? உபகேள்வி எழுந்தால் மந்திரி என்ன சொல்லுவார்?"

என்னிடம் விடை இல்லை. விடியுமுன் சைக்கிளில் புறப்பட்டு அந்தக் கிராமத்திற்குச் சென்றேன். கணவனை இழந்த அம்மாள் ஒருவர், ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் தாமே சாகுபடி செய்துவருபவர், தகரப் பெட்டியைத் திறந்து தம் பாஸ் புத்தகத்தைக் கொடுத்தார். பணம் வரவான தேதி ஐப்பசி மாதக் கடைசியில் இருந்தது. இடையில் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். காதுத் தோட்டை ஊர்க் கடைக்காரரிடம் அடகு வைத்ததாகச் சொன்னார். "ஐயா, உங்க காயிதம் காத்திருக்கும், நாத்து காத்திருக்குமா?" என்றார். நான் தலை குனிந்தேன். மற்றும் பல வீடுகளில் விசாரித்தபோதும் கதை இதுவாகவே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

காரணத்தை ஆராய்ந்தேன். பணத்தை எவரும் அபகரிக்கவில்லை. மஞ்சூரான காகிதங்களோடு சேரவேண்டிய ஒரு பாரத்தில் கையொப்பம் விட்டுப்போய், அவை மேலுக்கும் கீழுக்குமாக இருமுறை நடந்திருந்தன. அதனை உள்ளபடி எழுதினேன். மஞ்சூரான தேதி ஒரு பத்தியிலும், கையில் சேர்ந்த தேதி மறு பத்தியிலும், தாமதத்தின் காரணம் கீழேயும் எழுதி அனுப்பினேன். மந்திரியும் சபையில் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அடுத்த பருவத்தில் தாமதம் நேராதபடி ஏற்பாடு செய்யப்படும் என்று கூறினார். மறு ஆண்டு ஆவணி முடிவதற்குள் பணம் பட்டுவாடா ஆயிற்று. அந்த அம்மாளின் தோடு மீண்டதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அக்கேள்வி எவ்வாறு பிறந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். அவ்வூர் வாலிபர் ஒருவர், அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களிலிருந்த தேதிகளை அரைத்தாள் காகிதத்தில் எழுதி, தம் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் கொடுத்தாராம். உரத்த குரலோ, கூட்டமோ, கோஷமோ இல்லை. அரைத்தாள் காகிதம் மாத்திரமே.

சிறு கேள்வி பெரிய காரியத்தைச் சாதித்ததற்குத் தேச சரித்திரத்திலும் சான்று உண்டு. ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் தொழில் 1956ல் தேசீயமாக்கப்பட்டு, அதற்கென ஒரு கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. மறு ஆண்டு, அந்தக் கார்ப்பொரேஷன் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது பற்றி லோக் சபையில் கேள்வி எழுந்தது. அப்பணம் நாடெங்குமுள்ள உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் சிறுகச் சிறுகக் கட்டிய பிரீமியம் அன்றோ? ஆளும் கட்சியைச் சேர்ந்தவரும், பிரதம மந்திரி நேருவின் மருமகருமான பெரோஸ் காந்தியே அவ்விஷயத்தை விடாது பற்றி, 1957 டிசம்பரில் சபையில் விவரமாக எடுத்துரைத்தார். பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். கேள்வி கேட்டவர் எந்தக் கட்சியினர் என்பதைவிட, கேள்வியில் தேதியும் தொகையும் இருந்தனவா என்பதே முக்கியம்.

மந்திரி "ஆவன செய்யப்படும்" என்று சொன்னதோடு விஷயம் முடிந்துவிடுவதுமில்லை. சபையில் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே லோக் சபையில் 1953 முதல் ஒரு கமிட்டி இருந்துவருகிறது. வாக்குறுதியை மூன்று மாதத்திற்குள் நிறைவேற்றவேண்டும் என்பது அங்குள்ள நியமம். நம் சட்டசபையிலும் சர்க்கார் உறுதிமொழிகளைக் கவனிக்கும் குழு உண்டு. ஆகவே பதிலைக் கேட்டுக் கைதட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள்.

கேள்விக்கு மதிப்பு இருப்பதனாலேயே அதை விலைக்கு விற்கவும் சிலர் துணிந்தார்கள். கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்றதாக வெளிப்பட்டதன்பேரில், 2005 டிசம்பரில் பார்லிமெண்டின் இரு சபைகளிலுமிருந்து 11 அங்கத்தினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். ஒரு வியாபாரிக்காகக் கேட்கும் கேள்வி, ஒரு கிராமத்துக்காகக் கேட்கவேண்டிய கேள்வியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுகிறது. நாளொன்றுக்கு இருபதே கேள்விகள் என்று முன்னே சொன்னதை நினைவு கூருங்கள்.

இனி, நீங்கள் செய்யத்தக்கது யாது? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே மருந்தும் கிடைக்கும். "எங்கள் ஊரில் ஒன்றும் சரியில்லை" என்று உங்கள் பிரதிநிதியிடம் சொன்னால், அவரால் கேள்வி எழுத முடியாது. எந்த ஊர், எந்த இலாகா, எந்தத் தேதி, எத்தனை குடும்பங்கள், முன்பு யாரிடம் விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது, இவ்வாறினையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். சர்க்கார் ஆபீஸில் மாத்திரம் உள்ள விவரம் வேண்டுமாயின், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுக் கொடுத்துக் கேளுங்கள். சாதாரணமாக முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். உண்மையல்லாததை ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். ஒரு பொய் நுழைந்தால் ஒன்பது மெய்யும் தள்ளுபடியாகும்.

என்போன்ற உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மந்திரி சபையில் எழுந்து நிற்கும்பொழுது, அவர் கையிலிருப்பது நாம் எழுதிய காகிதமே. பத்து நிமிஷத்தில் நாம் எழுதும் பொய், ஒரு ராஜ்யத்தின் சபையில் உண்மையென்று பதிவாகி நிலைத்துவிடும். அதைத் திருத்தப் பிற்பாடு யார் சைக்கிளில் வருவார்?

ஆகையால் அன்பர்களே, உங்கள் பொதுக்கூட்டத்திலிருந்தே தொடங்குங்கள். காலையில் வண்டிச் சத்தத்தைப்பற்றிக் கேட்ட பெரியவருக்கு நான் நன்றி கூறுகிறேன். அடுத்த கூட்டத்தில் அவரைப்போல் இன்னும் நால்வர் எழுந்து கேட்பார்கள் என்றும், அவர்களுக்குப் பதில் சொல்லக் காரியதரிசி ரசீதுகளோடு காத்திருப்பார் என்றும் நம்பி, என் சிற்றுரையை முடித்துக்கொள்ளுகிறேன்.