வாருவதா, விடுவதா?



நிறுவன இடர் மேலாண்மை பற்றிய கருத்தரங்கை மரக்காணத்தில் ஏன் வைத்தீர்கள் என்று அமைப்பாளர்களைக் கேட்டேன். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கும் புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களுக்கும் வசதி என்றார்கள். ஒளிவுமறைவில்லாத பதில். ஆனாலும் அவர்களை அறியாமலேயே பொருத்தமான ஊரைப் பிடித்துவிட்டார்கள் என்று இன்று காலை எனக்குத் தோன்றியது.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு உப்பளம் பக்கம் நடந்து போனேன். சேலைமேல் பழைய முழுக்கைச் சட்டை போட்ட ஓர் அம்மா, நீளக் கம்பு வைத்த பலகையால் பாத்தியில் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். உப்பு இன்னும் பொடியாகத்தான் இருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டா நல்லா விளையுமேம்மா?"

"விளையும் சார். நேத்து சாயங்காலம் மேற்கால கருத்துச்சு. இன்னைக்கே வாரிடச் சொல்லிட்டாரு முதலாளி."

இதற்குள் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கடல்நீரின் அடர்த்தி பாமே அளவையில் ஏறக்குறைய 3 டிகிரி. அதைப் பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் சுண்ட விடுகிறார்கள். வழியிலேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். 25 டிகிரியை ஒட்டி உப்பு பூக்கத் தொடங்கும். பொறுத்தால் கல் பெரிதாகும், எடையும் கூடும். அதற்காக எத்தனை நாளும் பொறுக்க முடியாது. 29, 30 தாண்டினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் விளைந்த உப்பு கரைவதோடு நிற்காது. பின்வரிசைப் பாத்திகளில் சுண்டிக்கொண்டிருக்கும் நீரும் நீர்த்துப்போகும். தரையை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாருவதா, விடுவதா? லாபமும் நட்டமும் ஒரே கேள்விக்குள் இருக்கின்றன. ஒரே காலையில், ஒரே ஆள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நிறுவனங்களில் என்ன செய்கிறோம்? லாபத்துக்கு ஒரு துறை, நட்டத்துக்கு ஒரு துறை. முடிவெடுப்பவர்கள் ஒரு மாடியில் முடிவெடுக்கிறார்கள். அதில் என்னென்ன தவறலாம் என்று இன்னொரு மாடியில் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் ஒவ்வோர் இடருக்கும் நிகழ்தகவு ஐந்துக்கு இவ்வளவு, பாதிப்பு ஐந்துக்கு இவ்வளவு. பெருக்கினால் சிவப்பு, மஞ்சள், பச்சை. இந்த வண்ணக் கட்டங்களைப் பற்றி 2008இல் லூயிஸ் அந்தனி காக்ஸ் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சிறிய இடரைப் பெரியதென்றும் பெரியதைச் சிறியதென்றும் அவை காட்டக்கூடும். சில சூழல்களில் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிடவும் மோசமாக வழிகாட்டும் என்று கணிதமாகவே நிறுவினார். நாம் அதைப் படித்தோம், பாராட்டினோம், அடுத்த காலாண்டுக்கு அதே கட்டத்தை நிரப்பினோம்.

என் அனுபவம் ஒன்று. சென்னையில் ஒரு நிறுவனத்தில் இடர்ப் பதிவேட்டைப் பராமரிக்கும் வேலை நான்கு ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அதில் பதினோராவது வரிசை வெள்ளம். ஆங்கிலத்தில் 'ஃபிளட்' என்று தட்டச்சு செய்தபோது ஓர் எழுத்து விழுந்து 'ஃபுட்' ஆகிவிட்டது. நான்கு ஆண்டும் எங்கள் கிடங்குக்கு 'உணவு இடர்' இருந்தது. மதிப்பெண் ஆறு, மஞ்சள். இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது, தணிக்கையாளர் கையெழுத்திட்டார், நானும் கையெழுத்திட்டேன். 2015 டிசம்பர் 1 மழைக்கு முந்தைய நாள், கிடங்குக் காவலர் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார்: பின்பக்கக் கால்வாயில் தண்ணி எதிர்ப்பக்கமா ஓடுதுங்க என்று. அந்த வார்த்தையை வைக்கப் பதிவேட்டில் ஒரு கட்டமும் இல்லை. சரக்கை மேலே ஏற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கும் இல்லை, மேற்பார்வையாளருக்கும் இல்லை. எழுத்துப்பிழையைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்தக் கால்வாய்தான்.

விதிகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு, நிறுவனத்தின் இருப்பையே அச்சுறுத்தக்கூடிய இடர்களை இயக்குநர் அறிக்கையில் சொல்லச் சொல்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு இடர் மேலாண்மைக் குழு கட்டாயம் என்று 2021இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விரிவாக்கியது. கோசோ அமைப்பு தன் 2004ஆம் ஆண்டு இடர் மேலாண்மைச் சட்டகத்தை 2017இல் திருத்தியபோது, தலைப்பிலேயே வியூகத்தோடும் செயல்திறனோடும் இணைத்தல் என்று போட்டது. எல்லாம் சரி. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி வழங்கிய ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமத்திலும் இடர்க் குழு இருந்தது. 2015க்கும் 2018க்கும் இடையில் அது ஒரே ஒரு முறைதான் கூடியது என்பது, கடன் தவணைகள் தவறி எல்லாம் சரிந்த பிறகு செய்தியானது.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ரிஸ்க்' என்பதற்கு 'இடர்' என்று நாம் வழங்குகிறோம். இடர் என்றால் துன்பம், களைய வேண்டியது. யாரும் இடரை எடுப்பதில்லை, ரிஸ்க்கைத்தான் எடுக்கிறோம். ஐஎஸ்ஓ 31000 தரநிலையோ குறிக்கோள்கள்மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு என்று வரையறுக்கிறது. அது நல்லதாகவும் இருக்கலாம். மாற்றுச் சொல் என்னிடம் இல்லை. ஆனால் 'இடர்த் துறை' என்று பெயர்ப்பலகை மாட்டியதும் அதற்குள் உட்காருபவருக்குத் தடுக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

அளக்க முடிந்த நிச்சயமின்மையையும் அளக்க முடியாததையும் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921லேயே பிரித்துக் காட்டினார். இந்தக் கரைக்கு அதற்குப் புத்தகம் தேவையில்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் புயலாகாமலே கரையைக் கடக்கலாம் என்ற கணிப்பு ஒருநாள். மறுநாள் அது ஃபெஞ்சல் புயல். 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றுகொண்டது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம்; உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தென்பெண்ணையில் வந்தது. புயல், மழை, அணைநீர் மூன்றும் எந்தப் பதிவேட்டிலும் தனித்தனி வரிசைகளாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று, நம் துறை பேசத் தயங்குவது. 'இடர் மாற்றம்' என்று ஓர் உத்தி வைத்திருக்கிறோம். காப்பீடு எடுப்பது, ஒப்பந்தக்காரரிடம் விடுவது. விட்டதும் கட்டம் பச்சையாகிறது. அந்த அம்மாவிடம் மழை பெய்தால் யாருக்கு நட்டம் என்று கேட்டேன். "அவருக்கு உப்பு போகும் சார், எனக்குக் கூலி போகும். அவரு அடுத்த மாசம் உப்பு எடுத்துக்குவாரு. எனக்குப் போன கூலி போனதுதான்" என்றார். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உப்பளத்தில் வேலையே கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2022இல் தொடங்கியது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஓர் இடரை அரசு கருவூலத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது என்றுதான் இதை வாசிக்கிறேன். உங்கள் பச்சைக் கட்டங்களில் எத்தனை, வேறொருவர் வீட்டில் சிவப்பாக இருக்கின்றன?

ஆகவே இந்த இரண்டு நாளும் கட்டுரையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பதிவேட்டை மேம்படுத்தும் வழிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ஒரு பெரிய முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆலை தொடங்கியது, கடன் வாங்கியது, கிடங்கை மாற்றியது, எதுவானாலும். எதைப் பார்த்தால் அந்த முடிவை மாற்றிக்கொள்வோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்களா? அதை முதலில் பார்க்கக்கூடியவர் யார், நிறுத்து என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்ததா? தவறியபோது நிறுவனத்துக்கு வெளியே யார் தலையில் விழுந்தது? ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கம் முடிவெடுத்த தாளோடு சேர்த்துக் குத்தப்பட்டிருக்க வேண்டும், இன்னொரு மாடியில் அல்ல.

கடைசியாக நிகழ்ச்சி நிரலில் ஒரு திருத்தம். இன்று மாலை 4 மணிக்கு உப்பளம் பார்வையிடல் என்று அச்சாகியிருக்கிறது. 4 மணிக்கு அங்கே ஆள் இருக்கமாட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுகிறார்கள். நாளைக் காலை 5 மணிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். வேன் ஓட்டுநர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், பேராசிரியர்கள்தான் பாக்கி. முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.