காப்பாற்றிய பிறகு



அடிபட்டுக் கிடந்த நாய்களைத் தூக்கி வந்து காப்பாற்றிய இளைஞர்களுக்கு இப்போதுதான் சால்வை போர்த்தினீர்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். காயம் ஆறிவிடும், சொறி உதிர்ந்து முடி முளைத்துவிடும். அதற்கப்புறம் அந்த நாய் எங்கே போய்ப் படுக்கும்? அதைப் பேசத்தான் வந்தேன்.

நல்ல வீடு தேடுகிறோம் என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "ஆண் குட்டியா?" அடுத்தது, "வெள்ளையா?" இரண்டு மாத வெள்ளைக் கடுவன் சாயங்காலத்துக்குள் போய்விடும். கூடப் பிறந்த செவலைப் பெட்டை அட்டைப்பெட்டிக்குள்ளேயே வளரும். பெட்டை என்றால் குட்டி போடுமாம். கருத்தடை செய்துதான் தருகிறோம் என்றாலும் காதில் ஏறாது. பெண் பார்க்கப் போன இடத்தில் நிறம் பேசுகிற பழக்கம் நாய் வரைக்கும் வந்துவிட்டது. சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படிக் கேட்டவர்கள்தான்.

யானையையும் நாயையும் பக்கத்தில் நிறுத்தி, நட்புக்கு நாயைப் போன்றவனே மேல் என்றது நாலடியார். மேடைக்கு மேடை அதைச் சொல்கிறோம். அதனால் ஒரு செவலைப் பெட்டைக்கும் வீடு கிடைத்ததில்லை.

எல்லா நாய்க்கும் வீடு தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும் என்பதுதான் 2023-ம் ஆண்டு விதி. கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் வெட்டோடு, டீக்கடைக்காரர் போடும் பொறையில் நிம்மதியாக இருக்கும் நாயைப் பாசத்தால் பிடித்துப்போய்ப் பூட்டி வைக்காதீர்கள். ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லிவிட்டது. குழந்தையை நாய் கடித்த வீட்டின் பயம் பொய்யில்லை. ஆக, வீடு வேண்டிய நாய்கள் இனி கூடத்தான் செய்யும்.

அவசரத்தில் கேட்டவர் கையிலெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள். வாடகை வீடா, வீட்டுக்காரருக்குத் தெரியுமா? பகலில் யார் இருப்பார்கள்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் சோறு யார் வைப்பார்கள்? ஆசைப்படுவது பையன், தரையைத் துடைக்கப்போவது அம்மா. அந்த அம்மாவைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பையன் கல்லூரி முடித்து வேலைக்குக் கிளம்பும்போது அந்த நாய்க்குக் கண் மங்கியிருக்கும். அதுவரைக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்களா? தோப்புக் காவலுக்கு வேண்டும் என்பவரிடம் கேமரா வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மரத்தடிச் சங்கிலிக்கா இத்தனை மருந்து போட்டுத் தேற்றினோம்?

அடுக்குமாடியில் சங்கம் விடாது என்பார்கள். வளர்ப்பு நாயே கூடாது என்று தீர்மானம் போட அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாக்கியிருக்கிறது. அந்த வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். பரதத்துக்காக நாம் கொண்டாடும் அதே கலாக்ஷேத்ரா அம்மையார்தான். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சிதான் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம்.

சரி, வீடு கிடைத்துவிட்டது. முதல் வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? மண்ணிலும் தாரிலும் நடந்த கால் டைல்ஸ் தரையில் வழுக்கும். நாலு காலும் நாலு பக்கம் போகும். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துப் பதுங்கும். கட்டிலுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். வைத்த தயிர்சாதம் அப்படியே இருக்கும்; எல்லோரும் தூங்கிய பிறகு தட்டைச் சுத்தமாக நக்கி வைத்திருக்கும். கூடத்தில் சிறுநீர் கழிக்கும். இந்த வாரத்தில்தான் முக்கால்வாசிப் பேர், "இது எங்களுக்குச் சரிப்படாது" என்று போன் செய்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி இழுக்காமல், சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தானாக வரும். ஒரு கோணிச்சாக்கை விரித்துப் போட்டால் வழுக்குவதும் நிற்கும்.

தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று 2025 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியும் முடியவே இல்லையா, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். நாங்கள் கோபப்பட மாட்டோம். ராத்திரியில் பைபாஸ் ஓரம் இறக்கிவிட்டால்தான் கோபப்படுவோம்.

இப்போது எங்களிடம் ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. ஏழு வயதிருக்கும் என்கிறார் டாக்டர். பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். ஊசியெல்லாம் போட்டாயிற்று. பூனையைக் கண்டால் விடாது. அதை மறைத்துக் கொடுக்க மாட்டோம். வேண்டுமென்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னைப் பாருங்கள். வீட்டைப் பார்க்க நேரில் வருவோம், முன்னால் சொல்லிவிட்டுத்தான். அம்மா வீட்டில் இருக்கிற நேரமாகச் சொல்லுங்கள்.