மழைப் பயணமும் நம் கால்களும்

(தோட்டத்து இளைஞர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது காலை நனையாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் இன்றைக்கு நாம் பேச வந்த விஷயம். "மலையிலே பிறந்த எங்களுக்கு மழை புதுசா? நனைஞ்சா நனையட்டும்" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இது விபத்தோடும் வியாதியோடும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இப்போது நம் பிள்ளைகள் பலர் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற அப்பாமாரும் உண்டு. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் அந்த மழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் இருக்கின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மறுபடி இடிமழை.

முதலில் விபத்தைப் பார்ப்போம். நம்மவர்கள் ஓட்டும் சாதாரண மோட்டார் சைக்கிளில் வலது கால் பின் பிரேக்கை மிதிக்கிறது. இடது கால் கியர் மாற்றுகிறது. ஈரக்கால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்றைவிட இருபது மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் தண்ணீர் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதோடு வண்டி ஓடும் காற்றும் சேர்ந்தால் விரல் மரத்துப்போகும். மரத்த காலுக்குப் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. இறக்கத்து வளைவிலே அது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். சிலிப்பர் போட்டு ஓட்டினால் இன்னும் மோசம். நனைந்த சிலிப்பர் பிரேக்கில் வழுக்கும், கழன்றும் போகும்.

அடுத்தது வியாதி. நாள் முழுக்க ஈரச் சப்பாத்துக்குள்ளே கிடக்கிற கால் வெளுத்துச் சுருங்கும். விரல் இடுக்கிலே சேற்றுப்புண் வரும். 1914ஆம் ஆண்டு தொடங்கிய முதலாம் உலக யுத்தத்தில், குளிர்ந்த பதுங்குகுழித் தண்ணீரில் நாட்கணக்காக நின்ற போர்வீரர்கள் ஆயிரக்கணக்கானோருக்குக் கால் கெட்டுப்போனது. சிலருக்குக் காலையே வெட்ட நேர்ந்தது. பனி உறையும் குளிர் இருந்தால்தான் இது வரும் என்பதில்லை. ஈரமும் குளிரும் நெடுநேரம் சேர்ந்தாலே போதும். அதைத் தடுக்கப் படையிலே செய்தது என்ன தெரியுமா? தினமும் சப்பாத்தைக் கழற்றி, காலைத் துடைத்து, காய்ந்த சொக்ஸ் மாற்றினார்கள். ஒருவர் காலை இன்னொருவர் பார்த்தார். பெரிய மருந்து ஒன்றுமில்லை.

சரி, தண்ணீர் காலுக்குள்ளே எப்படி வருகிறது? சப்பாத்து ஓட்டையென்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் பல நேரம் அது மேலேயிருந்துதான் வருகிறது. ரெயின்கோட் காற்சட்டையை கம்பூட்ஸுக்குள்ளே திணித்துவிட்டால், தொடையிலே விழுகிற மழையெல்லாம் வழிந்து நேரே பூட்ஸுக்குள்ளே இறங்கும். இரண்டு மைல் போவதற்குள் உள்ளே குளம் கட்டிவிடும்.

நம் லயத்துக் கூரையைப் பாருங்கள். மேல் தகரம் கீழ்த் தகரத்துக்கு மேலேதானே படிந்திருக்கிறது? மாற்றிப் போட்டால் வீடு ஒழுகும். கொழுந்தெடுக்கும் அம்மாமார் படங்கைக் கட்டும்போது அது வெளியே தொங்கி, தண்ணீர் கீழே வடிகிறது. அதே கணக்குத்தான் இங்கேயும். காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே வரவேண்டும். வண்டியில் உட்கார்ந்தால் காற்சட்டை மேலே ஏறும், ஆகவே நீளம் கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கணுக்கால் பக்கம் படபடக்காமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி வெளியே போட்டுக்கொள்ளலாம். அது செயினிலும் சிக்காது.

இரண்டாவது வழி முன் சில்லு. அது வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேரே காலுக்குத்தான் வருகிறது. முன் மட்கார்டின் கீழ் நுனியில் தடித்த ரப்பர் துண்டொன்றைப் பூட்டினால் பாதித் தொல்லை குறையும். அது சில்லிலும் ரோட்டிலும் உரசாத அளவு இருக்கவேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் கராஜில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.

கம்பூட்ஸ் வாங்கும்போது தடித்த சொக்ஸ் போட்டபடி அளவு பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் கியருக்கு அடியிலே நுழையாது, பிரேக்கிலும் தட்டும். பூட்ஸ் போட்டு வண்டியில் ஏறி, நிறுத்தியபடியே கியரையும் பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள். உயரம் ஒத்துவராவிட்டால் கராஜில் இரண்டையும் சரிசெய்து தருவார்கள். பழைய பூட்ஸில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லையா? உள்ளே காய்ந்த கடதாசி வைத்து, வாய்க்குள்ளே தண்ணீர் போகாமல் வாளித் தண்ணீரில் அழுத்திப் பிடியுங்கள். கடதாசி நனையும் இடமே ஓட்டை. டியூபுக்குப் பெச் போடுவது போல ஒட்டிக்கொள்ளலாம்.

பூட்ஸ் வாங்க வசதியில்லாதவர்கள் சாதாரண சப்பாத்தோடும் சமாளிக்கலாம். காய்ந்த சொக்ஸ் போட்டு, அதன்மேல் ஒரு பொலித்தீன் பை, அதன்மேல் சப்பாத்து. பையைச் சப்பாத்துக்கு வெளியே கட்டவே கூடாது. கால்மிதியில் வழுக்கும், சைலன்சரில் உருகி ஒட்டும், செயினிலும் மாட்டும். வேலைத்தலத்துக்குப் போனதும் பையைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வியர்வையே காலை நனைக்கும்.

பின்னால் வரும் பிள்ளையை மறந்துவிடாதீர்கள். வெள்ளைச் சப்பாத்தையும் சொக்ஸையும் பொலித்தீனில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்து, பின்வார் உள்ள பிளாஸ்டிக் செருப்போடு ஏற்றுங்கள். பள்ளிக்கூட வாசலில் காலைத் துடைத்து மாற்றிக்கொள்ளட்டும். நாள் முழுக்க ஈரச் சப்பாத்தோடு வாங்கிலே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பாடத்தில் மனசு நிற்குமா?

என்ன செய்தாலும் சில நாள் நனையத்தான் செய்யும். அதனால் ஒரு ஜோடி சொக்ஸும் ஒரு சின்னத் துவாயும் பைக்குள்ளே எப்போதும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கெல்லாம் துடையுங்கள். நனைந்த சப்பாத்தை அடுப்புக்குப் பக்கத்திலே ஒட்டி வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். உள்ளே பத்திரிகைக் கடதாசியைச் சுருட்டித் திணித்து, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். படுக்கப்போகுமுன் ஒருதரம் கடதாசியை மாற்றுங்கள்.

கடைசியாக, சீனி வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண் வந்தாலும் வலி தெரியாது. தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள், முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண்ணானாலும் கிளினிக்குக்குக் காட்டுங்கள். யாராயிருந்தாலும், காலில் வெட்டுக்காயத்தோடு தேங்கிய தண்ணீரில் மிதித்த பிறகு காய்ச்சலும் கடுமையான தசை வலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொழுந்து மலையில் நனைந்து வரும் அம்மாவுக்கும், டவுனிலிருந்து நனைந்து வரும் மகனுக்கும் கால் ஒன்றுதான். ஆகவே இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலே எல்லாரும் காலைத் துடைத்து, ஒருவர் காலை ஒருவர் பாருங்கள். நாளைக் காலையில் புறப்படும்போது காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு சதமும் செலவில்லை.