வீட்டுத் துளசி

ஐஏஎஸ் நேர்முகம் நடக்கிற இடம் டெல்லி ஷாஜகான் சாலையில இருக்கிற தோல்பூர் ஹவுஸ். எழுத்துத் தேர்வுக்கு 1750 மார்க், நேர்முகத்துக்கு 275. அதுக்குப் பேரே ஆளுமைத் தேர்வு. பாடத்தைவிட ஆளைப் பார்க்கிறதுதான் அங்கே வேலை.

கேள்வி எங்கிருந்து வரும்? நிறைய, நாமளே எழுதிக் கொடுத்ததுலேர்ந்துதான். சொந்த ஊர், படிச்ச பாடம், பொழுதுபோக்கு... எல்லாம் அந்த விண்ணப்பத்துல இருக்கே!

எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன், சும்மா இருக்கட்டுமேன்னு பொழுதுபோக்கு 'தோட்டக்கலை'ன்னு எழுதிட்டான். வீட்டுல இருந்தது ஒரே ஒரு துளசிச்செடி. அதுக்கும் தண்ணி ஊத்தறது அம்மா. மாதிரி நேர்முகத்துல, "என்ன உரம் போடுவீங்க?"ன்னு கேட்டாங்க. முழிச்சான். தெரியாதுன்னு சொல்லியிருந்தா அதோட போயிருக்கும். அதை யாரும் குத்தமா எடுத்துக்கிறதில்லை. இவன் யூரியாவுல ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல ஒரு உரக்கடையே வச்சிட்டான். அடுத்த கேள்வி: "துளசிக்கு யூரியாவா?"

வீட்டுக்கு வந்து கேட்டானாம்: "அம்மா, நம்ம துளசிக்கு என்ன போடுறே?"

"காபித்தூள் சக்கைதான். ஏன்டா, கலெக்டர் வேலைக்கு இதையெல்லாமா கேக்கறாங்க?"