பத்து மணிக் கூட்டத்துக்கு எந்தத் தாயால் வர முடியும்?



மாத்தளை மண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த மேடையில் பேசச் சொன்னார்கள். பெரிய உறவுதான் அது. நகரத்துக்கு வடக்கே அலுவிகாரை இருக்கிறது. வாய்வழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது அங்கேதான். நம்முடைய பங்குக்கு, மலரன்பனும் வடிவேலனும் சோமுவும் இந்த மலைகளில் இருந்துதான் கதை எழுதினார்கள். அவர்கள் பெயரைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவர்களுடைய கதையைப் படிக்கப்போகும் பிள்ளை எங்கே உருவாகிறது? ஒரு தோட்டப் பாடசாலையில், தரம் ஒன்றில், 'அ' எழுதப் பழகும் வாங்கில் உருவாகிறது. அதனால் இன்றைக்கு நான் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஐந்தாம் தரம் வரைக்குமான நமது சின்னப் பாடசாலைகளை யார் நடத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று பேசப் போகிறேன்.

நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அப்படிப் படித்து ஆசிரியராகி, பிறகு சிறிய பாடசாலைகளில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றேன். பேசுவதெல்லாம் கண்ணால் பார்த்ததுதான்.

ஒரு பாடசாலையைப் பொறுப்பெடுத்த முதல் வாரத்தில் பழைய அலுமாரியைத் திறந்தேன். அடியில் ஒரு சேர்விடாப்பு கிடந்தது. ஓரமெல்லாம் செல்லரித்து, மை மங்கிப்போய் இருந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று நிரல்கள். எழுபதுகளின் பக்கங்களைப் புரட்டினேன். விலகிய காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்தான் மேலிருந்து கீழே வரைக்கும் வந்துகொண்டிருந்தது: இந்தியா. இந்தியா. இந்தியா. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது நம்மவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று என்று நாம் படித்திருக்கிறோம். அந்தத் தொகை எனக்கு அதுவரை ஒரு எண்ணாகத்தான் இருந்தது. அன்றைக்கு அது இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக என் கையில் இருந்தது. தவணை நடுவில் எழுந்து போன பிள்ளைகள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டு முடிவெடுத்தவர்கள் யாருமில்லை.

கேட்காமல் முடிவெடுப்பது நம் பாடசாலைகளின் வரலாற்றிலேயே ஊறிப்போன பழக்கம். 1907 ஆம் ஆண்டுச் சட்டமும் 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல்தான் போட்டன. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரைக்குமான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கொஞ்சம் படிப்பு. அவ்வளவுதான். துரை மனம் வைத்தால் பாடசாலை, வைக்காவிட்டால் பெயருக்கு ஒரு கொட்டில். வாத்தியார் தோட்டத்துச் சம்பளக்காரர். 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார், நாடே அவரைக் கொண்டாடியது. 1960, 61 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. நம்முடைய தோட்டப் பாடசாலைகள் அப்போதும் துரையிடமே இருந்தன. தோட்டங்கள் தேசியமயமாகி, 1977 இற்குப் பிறகுதான் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியில் பல இடங்களில் கட்டடம் எழும்பியது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் வந்து மாகாண சபையின் கீழ் போனோம். துரை, திணைக்களம், மாகாணம் என்று தலைக்கு மேலே ஆள் மாறிக்கொண்டே இருந்தது. கொழுந்து பறிக்கும் தாய் நின்ற இடத்திலேயே நின்றாள்.

இப்போது அவளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று சொல்வார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. 2006 இலிருந்து பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் அபிவிருத்திக் குழுவும் வந்தது. பெற்றோர் உறுப்பினர், வாக்குரிமை உண்டு, கணக்குக் கேட்கலாம், திட்டத்தில் கருத்துச் சொல்லலாம். நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது?

வார நாளில், காலை பத்து மணிக்கு.

பத்து மணிக்கு அந்தத் தாய் எங்கே நிற்கிறாள்? கூடையோடு மலையில் நிற்கிறாள். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் போனவள். கூட்டத்துக்கு வந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும், அல்லது அன்றைய பேரே போய்விடும். 2021 இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா, 2024 இல் 1350 ரூபா என்று எத்தனை போராட்டம் நடத்தி ஏற்றிக்கொண்ட சம்பளம் அது! அதை விட்டுவிட்டு வந்து, நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்து, விளங்காத வரவுசெலவுக்குக் கைதூக்கிவிட்டுப் போ என்கிறோம். வராவிட்டால் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன், தாய்மாரே. அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கூசுகிறது.

நான் அதிபராக இருந்தபோது அந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள்? கடைக்காரர் வந்தார், ஓய்வு பெற்ற இரண்டு பெரியவர்கள் வந்தார்கள், தொழிற்சங்கத்துக்காரர் வந்தார். எல்லோரும் நல்லவர்கள், பாடசாலை மேல் பாசமுள்ளவர்கள். ஒரு வருடம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. வாசலில் வரவேற்பு வளைவு கட்டலாம் என்றார்கள். தலைமை தாங்கியவன் நான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வளைவு அழகாக எழும்பியது, பாடசாலையின் பெயரைப் பொன்னெழுத்தில் போட்டோம்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தேன். அறநெறி வகுப்பு முடிந்து, பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார் நின்றார்கள். ஒருவர் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார். "சேர், வளைவு நல்லாத்தான் இருக்கு. எங்க புள்ள பகல் வரைக்கும் ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு வூட்டுக்கு வருது. கக்கூசுக்குத் தண்ணி எப்ப சேர் வரும்?" என்று கேட்டார்.

தண்ணீர்க் குழாய் உடைந்து இரண்டு தவணை ஆகியிருந்தது. ஆண் பிள்ளைகள் பற்றைக்குள் ஓடிவிடும். பெண் பிள்ளைகள் பீலிக்குப் போய் வாளியில் அள்ளிவந்து ஊற்ற வேண்டும்; சின்னப் பிள்ளைகளால் அது முடியாது, அடக்கிக்கொண்டு இருந்திருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளை எதற்காக வகுப்பில் நெளிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. அவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் வளைவு எழும்பியிருக்குமா?

அடுத்த கூட்டத்தை நான் ஞாயிற்றுக்கிழமை, அறநெறி வகுப்பு முடிந்த கையோடு, கோயில் மண்டபத்திலேயே வைத்தேன். பத்து மணிக்குத்தான் கூட வேண்டும், பாடசாலைக்குள்தான் கூட வேண்டும் என்று நான் பார்த்த எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. வழக்கமாக எட்டுப் பத்துப் பேர் வரும் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்காலி போடவில்லை, எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். காசேட்டை நானே சத்தமாக வாசித்தேன். எழுத்துத் தெரியாதவருக்கும் காது இருக்கிறது, கணக்கு விளங்கும். சவர்க்காரத்துக்கு எழுதியிருந்த தொகையைக் கேட்ட உடனே ஒரு பாட்டி, கடை விலை இவ்வளவுதானே என்றார். பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். அந்தக் கேள்வி எனக்குக் கொடுத்த நிம்மதியை எப்படிச் சொல்வது! அதுவரை அந்தப் பணத்துக்கு நான் ஒருவனே காவல். அன்றிலிருந்து தோட்டமே காவல்.

தண்ணீர்க் குழாய் இரண்டு வாரத்தில் சரியாயிற்று. பணம்கூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை. குழாய் வேலை தெரிந்த தகப்பன் ஒருவர் அந்த மண்டபத்திலேயே இருந்தார். பிள்ளை பாடசாலைக்கு வர ஆரம்பித்து ஐந்து வருடமாக அவரை யாரும் எதுவும் கேட்டதில்லையாம்.

ஆசிரிய நண்பர்கள் முகத்தைப் பார்க்கிறேன். ஞாயிறும் வரச் சொல்கிறீர்களா என்று கேட்கிறீர்கள். நியாயம். சிறிய பாடசாலை அதிபரின் பாட்டை அனுபவித்தவன் நான். ஏழு மணிக்கு வந்து பூட்டுத் திறக்க வேண்டும். ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட வேண்டும். ஓர் ஆசிரியர் லீவு என்றால் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்த வேண்டும். சத்துணவு வந்ததா, சோறு வெந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமைக்கும் பெண்ணுக்குக் காசு வரத் தாமதமானால், கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கும் அவருக்கு ஆறுதலும் சொல்ல வேண்டும். எழுதுவினைஞர் கிடையாது, சிற்றூழியர் கிடையாது. கல்வி வலயத்தில் கூட்டம் என்றால் பஸ் ஏறி மாத்தளைக்கு வர வேண்டும், அன்றைக்கு அதிபரின் வகுப்பு அனாதை. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எடுத்த நம் பிள்ளைகள் மாதம் 6000 ரூபா படியில் ஆரம்பித்தவர்கள். அவர்களை வைத்துக்கொண்டுதான் பல பாடசாலைகள் மூச்சுவிட்டன. இத்தனைக்கும் மேலே ஞாயிறு என்றால் யாருக்கும் கசக்கும்.

அதனால் மாதாமாதம் கேட்கவில்லை. தவணைக்கு ஒரு ஞாயிறு, வருடத்துக்கு மூன்றே மூன்று நாள். தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் எல்லோரும் வர வேண்டியதில்லை. அதிபரும் ஓர் ஆசிரியரும் போதும். பஸ் செலவைச் சங்கமே கொடுக்கட்டும். அதையும் மண்டபத்தில் சத்தமாக வாசித்துக் கொடுக்கட்டும்.

வலயத்திலிருந்தும் கோட்டத்திலிருந்தும் வந்திருக்கும் அதிகாரிகளுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, மொழி. தமிழ்மொழிமூலப் பாடசாலைக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்து, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி நான் பக்கத்துக் கடைக்குப் போன நாட்கள் உண்டு. கடைக்காரர் நல்ல சிங்கள நண்பர், பொறுமையாகச் சொல்வார். ஆனால் திகதி கடந்த பிறகு விளங்கிய கடிதத்தால் பிள்ளைக்கு என்ன பயன்? 1987 இலேயே தமிழும் அரசகரும மொழி. 1988 இன் பதினாறாவது திருத்தம் அரசாங்கத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை எழுதியே வைத்திருக்கிறது. ஒரு சின்னப் பாடசாலையின் நாளாந்த நிர்வாகத்தில் இந்த உரிமை பெரிய விஷயம்.

இரண்டாவது, தலைமை. நம் நாட்டில் சங்கத்துக்கு அதிபரே தலைவர். இந்தியாவில் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்று விதித்திருக்கிறது. இங்கே சட்டம் மாறும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நிர்வாகக் குழுத் தெரிவின்போது உறுப்பினரில் பாதிப் பேராவது தோட்டத்துத் தாய்மாராக இருக்கச் செய்ய இப்போதே முடியும். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் தெரிவை நடத்தினால் போதும்.

தாய்மாரின் பங்கு கூட்டத்தோடு முடிவதுமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நம் மலைகளைக் கிழித்துக்கொண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மண்சரிவு, இருட்டு, உடைந்த பாதை. லயத்தை விட்டு ஓடிவந்த சனத்துக்கு எத்தனையோ இடங்களில் பாடசாலை மண்டபம்தான் கூரையானது. அந்த மாதிரி இரவில் மலையடிவாரத்தில் குடியிருக்கும் அதிபரால் மேலே ஏறிவர முடியாது. திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதுதான் அப்போது கேள்வி. பாடசாலைக்கு ஐம்பது பாகத் தூரத்தில் குடியிருக்கும் ஒரு தாயிடம் இரண்டாவது திறப்பு இருக்கட்டும். பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, சம்பவத்திரட்டில் பதிந்து கொடுங்கள். எந்த வகுப்பறைச் சுவர் வெடித்திருக்கிறது, எந்தப் பக்கத்து மேடு சரியப் பார்க்கிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

என் அம்மா நான் படித்த பாடசாலைக்குள் ஒரே ஒரு தடவைதான் வந்தார். என்னைச் சேர்த்த அன்று, விரலடையாளம் வைக்க. வெளியே வந்து சேலைத் தலைப்பில் மையைத் துடைத்துக்கொண்டே மலைக்கு ஓடினார், அரைப்பேராவது கிடைக்கட்டும் என்று.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். இங்கே வந்திருக்கும் தாய்மார், உங்கள் பிள்ளையின் பாடசாலை எது, உங்களுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி வசதி என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். கடைசி ஆள் போகும் வரைக்கும் வாசலில்தான் இருப்பேன். திங்கட்கிழமை காலை அந்தக் கொப்பியை வலயத்துக்குக் கொண்டுபோகிறேன்.